சினகால்செட் மாத்திரை: மைலோமாவும் பாராதைராய்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு

ரத்தத்தில் கால்சியத்தை இறக்கும் சினகால்செட் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் டயாலிசிஸில் இருப்பவர்கள். அது நியாயம்தான். 2004-இல் அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு முதல் அனுமதி கிடைத்தது முக்கியமாக அவர்களுக்காகத்தான். ஆனால் நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. எனக்கு இருப்பது மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்களில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்று முடிந்து, லெனலிடோமைடு பராமரிப்பு சிகிச்சையில் இருக்கிறேன். கூடவே கழுத்தில், ரத்தத்தின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அதனால் மாத்திரையை நீண்ட நாள் எடுத்துக்கொண்டவள் என்ற முறையில் விவரமாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்றுநோய் காரணமாகப் பாராதைராய்டு அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது என்றால், அந்த இடைவெளியைக் கடக்க இது நல்ல மாத்திரை. கால்சியத்தை இறக்குகிறது, அதை நம்பகமாகச் செய்கிறது. பாராதைராய்டு நோயைக் குணமாக்கும், எலும்பைத் தேற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். மைலோமாக்காரர்களுக்கு கால்சியம் என்றாலே அடிவயிறு கலங்கும். நோய் தீவிரமாகிவிட்டதா என்று முடிவு செய்ய டாக்டர்கள் பார்க்கும் நான்கு விஷயங்களில் முதலாவது அதுதான்: கால்சியம், சிறுநீரகம், ரத்தசோகை, எலும்பு. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 11 மில்லிகிராமைத் தாண்டினால் அது ஒரு அபாய அறிகுறி. எனக்கு 10.2-இல் இருந்தது மெல்ல ஏறி 11.4-க்கு வந்து நின்றது. வீட்டில் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான், நோய் திரும்பிவிட்டது என்று. அந்த ரிப்போர்ட் வந்த பிறகு என் கணவர் பல இரவுகள் தூங்கவில்லை.

ஆனால் மற்ற எண்கள் எதுவும் கதையோடு ஒத்துப்போகவில்லை. மைலோமா செல்கள் ரத்தத்தில் விடும் புரதங்களைக் காட்டும் லைட் செயின் விகிதம் அப்படியே இருந்தது. அதே செல்கள் விடும் எம் புரதமும் தென்படவில்லை. ஹீமோகுளோபின் இறங்கவில்லை. என் ரத்தவியல் டாக்டர் அவசரப்பட்டு கீமோவை மாற்றவில்லை. முதலில் அயனிக் கால்சியம், அதாவது புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் கால்சியம், பார்க்கச் சொன்னார். மைலோமாவில் ரத்தத்தில் மிதக்கும் புரதமே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மொத்த அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டலாம். அயனிக் கால்சியம் அந்தப் பொய்யைப் பிடித்துவிடும். எனக்கு அதுவும் உயர்ந்தே இருந்தது. சரி, ஏற்றம் உண்மைதான். அடுத்தது பி.டி.எச்., அதாவது பாராதைராய்டு ஹார்மோன்.

இந்த ஒரு பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மைலோமா எலும்பைக் கரைத்து கால்சியத்தை ஏற்றினால், பாராதைராய்டு சுரப்பிகள் அதைப் பார்த்து அடங்கிப்போகும்; ஹார்மோன் அளவு தரைக்கு இறங்கிவிடும். கால்சியம் ஏறியிருக்கும்போது ஹார்மோனும் உயர்ந்திருந்தால், அல்லது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் சாதாரண அளவிலேயே நின்றால், கோளாறு சுரப்பியில். எங்கள் லேப்பில் உச்ச வரம்பு 65. எனக்கு வந்தது 148. "அம்மா, இது மைலோமா பண்ற வேலை இல்லை. கழுத்துல இருக்கிற வேற ஒண்ணு" என்றார் டாக்டர். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். ரத்தப் புற்றுநோய் இருக்கும் யாருக்காவது கால்சியம் ஏறினால், சிகிச்சையை மாற்றும் முன் இந்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள். கீமோவுக்குப் பிறகு முடி வளர பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் லேப்பில் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் பல லேப்களில் பி.டி.எச்.-ஐக் குறைத்துக் காட்டும். குறைவாகக் காட்டினால் பழி மறுபடி மைலோமா மேல் விழும்.

அப்புறம் வழக்கமான சுற்று. வைட்டமின் டி பார்த்தார்கள், 24 மணி நேர சிறுநீர் சேகரித்தார்கள். மைலோமாக்காரர்களுக்கு அந்தக் கேன் புதிதல்ல. கழுத்து அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. செஸ்டமிபி ஸ்கேனில் இடது கீழ்ச் சுரப்பி மட்டும் தனியே ஒளிர்ந்தது. அந்த ஸ்கேனில் செலுத்தும் மருந்தை மைலோமா பிடித்த எலும்புகளும் உறிஞ்சக்கூடும் என்பதால், உங்களுக்கு மைலோமா இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மனிதர்களுக்குப் பொதுவாக நான்கு பாராதைராய்டுகள், ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. பெரும்பாலானவர்களுக்கு என்னைப்போல அவற்றில் ஒன்று மட்டும் புற்று அல்லாத சிறு கட்டியாக வளர்ந்து, ஹார்மோனை ஓயாமல் ஊற்றுகிறது. உண்மையான வைத்தியம் அந்தக் கட்டியை எடுப்பதுதான். அது சிறிய அறுவை. ஆனால் எனக்கு அப்போது தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை கீழே கிடந்தது, மார்புச் சளித் தொற்று ஒன்று விட்டபாடில்லை. அறுவை நிபுணர் காத்திருக்கச் சொன்னார். காத்திருக்கும் காலத்தில் கால்சியத்தை அப்படியே விட முடியாது. உயர்ந்த கால்சியம் சிறுநீரகத்தைத் தாக்கும். லெனலிடோமைடு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் சோர்ந்தால் அந்த மருந்து உடலில் தேங்கும், ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்த எண்ணிக்கை இன்னும் இறங்கும். ஒரு நோய் இன்னொன்றின் மருந்தைக் கெடுப்பது இப்படித்தான். அதனால்தான் சினகால்செட்.

மாத்திரை செய்வது என்ன? பாராதைராய்டு செல்களின் மேல் கால்சியத்தை உணரும் ஒரு ஏற்பி இருக்கிறது. 1993-இல்தான் அதை இனங்கண்டார்கள். சினகால்செட் அந்த ஏற்பியைக் கூர்மையாக்குகிறது. ரத்தத்தில் கால்சியம் நிறைய இருப்பதாகச் சுரப்பி நினைத்துக்கொண்டு ஹார்மோன் விடுவதைக் குறைக்கிறது. அறுவை செய்ய முடியாத, கால்சியம் மிகவும் ஏறிய என்னைப்போன்ற பாராதைராய்டு நோயாளிகளுக்கும் 2011-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. என் டோஸ், பெரும்பாலானவர்களுக்குத் தொடங்குவதுபோல, 30 மில்லிகிராம் காலையும் இரவும்.

எடுத்துக்கொள்வதில் இரண்டு கண்டிப்புகள். உணவோடு அல்லது சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடல் சேர்த்துக்கொள்ளும் அளவு கணிசமாகக் குறைகிறது. உடைக்கவே கூடாது. 30 கையிருப்பு இல்லாத ஒரு நாள், 60-ஐப் பாதியாக உடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மருந்துக் கடையில் யோசனை சொன்னார்கள். மறுத்துவிட்டு வேறு கடையில் வாங்கினேன். அளவு சரியாகப் பிரியாது என்பதால் மாத்திரைக் குறிப்பிலேயே முழுதாக விழுங்கச் சொல்லியிருக்கிறது.

குமட்டலைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஆரம்ப வாரங்களில் மோசம். வாந்தி அபூர்வம், ஆனால் நாள் முழுக்கத் தொண்டையில் ஏதோ நிற்பது போன்ற ஓர் உணர்வு. கீமோ குமட்டலில் இருந்து இது வேறு. கீமோவில் அலை அலையாக வந்து போகும். இது மெல்லிய, நீங்காத ஒன்று. இரவு மாத்திரையை நல்ல சாப்பாட்டின் நடுவில் போட்டுக்கொண்டபோது பாதி குறைந்தது. குமட்டலுக்கு ஆன்டன்செட்ரான் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, முதலில் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டே அனுமதித்தார்கள். கால்சியம் இறங்கினாலும் அந்த மருந்தாலும் இதயத் துடிப்பில் ஒரே வகையான மாற்றம் வரும் என்பது காரணம். சில வாரங்களில் குமட்டல் தானாகவே அடங்கியது. ஆரம்பத்திலேயே விட்டுவிட நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: டாக்டரிடம் பேசிவிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

பலன் வேகமாகவே தெரிந்தது. தொடங்கிய முதல் வாரத்திலேயே கால்சியம் பார்க்க வேண்டும் என்பது விதி; அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. பிறகு 10.1-இல் வந்து நின்றது, அங்கேயே இருந்தது. முதலில் விலகியது தாகம். இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிக்கப் போவதும் நின்றது. மலச்சிக்கல் தளர்ந்தது. இதையெல்லாம் இத்தனை நாள் லெனலிடோமைடு மேல் போட்டுக்கொண்டிருந்தோம். மூளையில் இருந்த மூட்டம் விலகியது எனக்குப் பெரிய விஷயம். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள்; ஒரு கூட்டலை மனதில் பிடித்து வைக்க முடியாமல் போனது என்னை உள்ளுக்குள் ரொம்பவே உடைத்திருந்தது. அது முழுதாகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரனின் வீட்டுப்பாடத்தைப் பேனா இல்லாமல் சரிபார்க்க முடிகிறது. களைப்பு மட்டும் குறையவில்லை. அது மைலோமாவுக்குச் சொந்தமானது போலிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கிடைத்த பெரிய பலன் வேறு. கால்சியம் எண் மறுபடி அர்த்தமுள்ளதாக ஆனது. முன்பு ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அது உயர்ந்தே இருந்ததால், மைலோமா கிளம்பினாலும் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத நிலை. இப்போது அது ஒரே இடத்தில் நிற்கிறது. திடீரென்று ஏறினால் என் டாக்டர் அதைக் கவனிப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது. மைலோமாவோடு வாழ்பவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்று அவர்களுக்கே தெரியும்.

இனி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை. மற்றவர்கள் எழுதாததும், எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லாததும் இங்கேதான் இருக்கிறது.

மைலோமாக்காரர்களுக்கு எலும்புக்காக ஜோலெட்ரோனிக் அமிலம் ஊசி போடுவார்கள். அதுவும் கால்சியத்தை இறக்கும். சினகால்செட்டில் இருந்தபடியே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டபோது, அடுத்து வந்த நாட்களில் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல இருந்தது. விரல் நுனிகள் மரத்தன, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. எனக்கு ஏற்கெனவே மைலோமா மருந்தான போர்டெசோமிப் கொடுத்த நரம்புச் சேதம் உண்டு, பாதங்கள் எப்போதும் எரியும். அதனால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவது சுலபம். வித்தியாசம் இடத்தில்தான்: போர்டெசோமிப் எரிச்சல் பாதத்தில் தொடங்கும், வாயைச் சுற்றி வராது. உதட்டில் வந்தால் கால்சியம் பாருங்கள். எனக்குப் பார்த்தபோது 8.2. இரவு மாத்திரையைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள், சரியாகிவிட்டது. இப்போது ஊசிக்கு முன்னும் பின்னும் கால்சியம் பார்க்காமல் போட விடுவதில்லை. கால்சியம் மிகவும் இறங்கினால் வலிப்புகூட வரலாம். அதனால் உதடு மரப்பதை அலட்சியப்படுத்தவே கூடாது.

அடுத்தது மற்ற மாத்திரைகளோடு மோதல். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றை சினகால்செட் பலமாகத் தடுக்கிறது. பாத எரிச்சலுக்கு நான் எடுத்துக்கொண்டிருந்த அமிட்ரிப்டிலின் அந்த நொதியை நம்பியிருக்கும் மருந்து. சினகால்செட் சேர்ந்த பிறகு வாய் வறண்டு, பகலெல்லாம் தூக்கம் சொக்கியது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் மருத்துவமனை மருந்தாளுநர், ஓர் இளம் பெண். பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "அம்மா, இந்த ரெண்டும் ஒண்ணா வேணாம்" என்றாள். காபாபென்டினுக்கு மாற்றினார்கள். வலிக்கு டிராமடால் எடுப்பவர்கள் வேறொன்றைக் கவனியுங்கள். அது அதே நொதியால் மாற்றப்பட்டால்தான் முழுதாக வேலை செய்யும். நொதி தடைபட்டால் வலி நிவாரணம் குறையலாம்.

எதிர்த் திசையிலும் உண்டு. மார்புத் தொற்றின்போது பூஞ்சைக்கு எதிரான அசோல் வகை மருந்து ஒன்று கொடுக்க வேண்டிவந்தது. அந்த வகையில் பல, ரத்தத்தில் சினகால்செட்டின் அளவை ஏற்றிவிடும். அந்தக் காலத்தில் கால்சியத்தை அடிக்கடி பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோயில் பூஞ்சை மருந்துகள் சர்வசாதாரணம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியாவுக்கு இமாட்டினிப் எடுப்பவர்களும், அது சினகால்செட்டின் அளவை ஏற்றுமா என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரைப்பையில் ரத்தக் கசிவு வரலாம் என்றும் எச்சரிக்கை உண்டு. லெனலிடோமைடு ரத்தத்தை உறைய வைக்கும் என்பதால் என்னைப்போல் பலர் ஆஸ்பிரினிலும் இருப்பார்கள், பிளேட்லெட்டும் குறைந்திருக்கும். மலம் கறுத்தால் அன்றே சொல்லுங்கள் என்று எனக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

எலும்பைப் பற்றி முதலில் தொட்டுவிட்டுப் போனேன். சினகால்செட் கால்சியத்தை நன்றாக இறக்கினாலும் எலும்பு அடர்த்தியை உயர்த்துவதில்லை. சிறுநீரகக் கல் வராமல் காக்கும் என்றும் நம்பி இருக்க முடியாது. என் பி.டி.எச்.-ஏ ஓரளவுதான் இறங்கியது, வரம்புக்குள் வரவில்லை. எங்களைப்போன்றவர்களுக்கு எலும்பை இரண்டு நோய்களும் அரிக்கின்றன என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கும்போது முன்கையையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாராதைராய்டு நோய் அதிகம் தின்பது அந்த எலும்பைத்தான். இடுப்பும் முதுகும் மட்டும் பார்த்தால் தவறிப்போகும். மைலோமாவால் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் அங்கே அடர்த்தி உண்மையைவிட அதிகமாகக்கூடத் தெரியும். என் முன்கை எண்தான் மூன்றிலும் மோசமாக வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அறுவை நிபுணரும் ரத்தவியல் டாக்டரும் ஒருவருக்கொருவர் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள்.

மாத்திரைக் குறிப்பைப் பற்றி ஒரு குறை. கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் டயாலிசிஸ், டயாலிசிஸ் என்றே போகிறது. ஜோலெட்ரோனிக் அமிலத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குக் கிடைத்த தாளில் இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்காக அரைப் பக்கமாவது இருக்க வேண்டும்.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை ரத்தம் கொடுத்து முடித்த பிறகே போடுகிறேன். மாத்திரை போட்ட இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பி.டி.எச். மிகவும் தாழ்ந்து நிற்கும். அப்போது எடுத்தால் எண் ஏமாற்றும். குறைந்தது 12 மணி நேர இடைவெளி விடுவது நல்லது. அப்புறம், எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரே தாளை மூன்று டாக்டர்களிடமும் கொடுக்கிறேன், தேதி போட்டு. ஒருவர் மாற்றினால் மற்ற இருவருக்கும் தெரிய அதைவிட நல்ல வழி எனக்கு அகப்படவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குமட்டலுக்காக ஒன்றைக் குறைத்தேன். அது இல்லையென்றால் ஐந்துமே கொடுத்திருப்பேன். யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், கால்சியம் 11-க்கு மேல் நின்று, ரத்த எண்ணிக்கையோ தொற்றோ அறுவையைத் தடுக்கும் மைலோமா, லுக்கீமியா, லிம்ஃபோமா நோயாளிகளுக்கு. அறுவைக்கு உடல் தயாராக இருப்பவர்கள் கத்தியைத் தவிர்க்க இதைத் தேடிப் போக வேண்டாம்.

என் நியூட்ரோஃபில் இப்போது ஏறியிருக்கிறது, அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அன்று மேசையிலேயே பி.டி.எச். பார்ப்பார்களாம். அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும் என்பதால், கட்டியை எடுத்த பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் இறங்கினால் சரியான சுரப்பியைத்தான் எடுத்தோம் என்று தெரிந்துகொண்டு தையல் போடுவார்கள். அதுவரை காலை ஒன்று, இரவு ஒன்று. எந்த நாளோடு நிறுத்துவது என்று அறுவை நிபுணரிடம் எழுதி வாங்கிவிட்டேன்.